கடச்சனேந்தல்

ஜூன் 3, செவ்வாய்
மறதி நோய் உள்ளவர்களுக்கான பயிற்சியில் அப்பாவுக்கு முதல் நாள். பந்து போட்டுப் பிடிக்கச் சொன்னார்கள். அப்பா பந்தை மடியில் வைத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. வாரம் ரெண்டு நாள், 45 நிமிஷம், மொத்தம் 14 தடவை.

ஜூன் 6, வெள்ளி
இன்றைக்குச் சத்தங்கள். கோயில் மணி, குக்கர், ரயில், எதற்கும் அசையவில்லை. விசில் கேட்டதும் நிமிர்ந்து, "போலாம் ரைட்!" வெளியே வந்து அழுதேன்.

ஜூன் 9
ரெண்டு பேரும் தூங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி
"ஞாபகம் இருக்கான்னு கேக்காதீங்கக்கா, பிடிச்சிருக்கான்னு கேளுங்க" என்றாள் அங்கே நடத்துகிற பெண். ரெண்டு வருஷமாக நான் தினமும் காலையில் பரீட்சை வைத்திருக்கிறேன். நான் யாரு? இன்னைக்கு என்ன கிழமை? ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சுருங்கும். அதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததையும் கேட்பேன். என்ன பாவம் இது.
ஜிகர்தண்டா ஒரு வாய் கொடுத்தார்கள். நல்லா இருக்காப்பா? "இனிப்பு கூட." எப்பவும் அதைத்தான் சொல்வார்.

ஜூன் 18
சாயங்காலம் அஞ்சு மணி ஆனால் போதும், கதவைப் பிடித்து இழுக்கிறார். டூட்டிக்கு நேரமாச்சு, பை எங்க? "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கப்பா" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அன்றைக்குத்தான் நடக்கிறது. இன்று சொல்லவில்லை. பழைய கண்டக்டர் தோல் பையை எடுத்து, சில்லறை போட்டு, துண்டுத்தாளைக் கட்டு கட்டிக் கொடுத்தேன். எச்சில் தொட்டுக் கிழிக்க ஆரம்பித்தார். பெரியார், சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி, அப்பன்திருப்பதி, அழகர்கோவில்.
மூன்றுமாவடிக்கு அடுத்த ஸ்டாப், கடச்சனேந்தல், விட்டுப்போச்சு. லீவு நாளில் பின் சீட்டில் உட்கார்ந்து நான் மனப்பாடம் செய்த வரிசை. அவர் வாயிலிருந்து கேட்டுத்தான்.

ஜூன் 19
இன்றும் கடச்சனேந்தல் இல்லை.

ஜூன் 24
காய்ச்சல், போகவில்லை. தம்பி போனில், "இதெல்லாம் செஞ்சா சரியாயிருமா?" ஆகாதுடா. எனக்கு அந்த அஞ்சு மணி தாண்டினால் போதும்.

ஜூலை 1, செவ்வாய்
கலர் அடிக்க பலூன் படம். தள்ளிவிட்டார். டிக்கெட் வசூலுக்கான வேபில் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதின கை அது. சொல்லிவிட்டு வந்தேன். கேட்டுக்கொண்டார்கள்.

ஜூலை 8, செவ்வாய்
பணம் எண்ணும் நாள். ஒரு ரூபாய்களைப் பத்துப் பத்தாக அடுக்கிவிட்டு நிமிர்ந்தார். பக்கத்து நாற்காலி டீச்சரம்மாவிடம், "எங்கம்மா போகணும்?" "புதூர்." மீதிச் சில்லறை சரியாக இருந்தது.
நானும் பத்து ரூபாயை நீட்டினேன். கடச்சனேந்தல் ஒண்ணு.
ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த வண்டி இது இல்ல தாயி. ஏறயிலயே கேட்டு ஏற வேணாமா?"

ஜூலை 10
சளி. நாளைக்கு 12-வது.