அவசரப் பிரிவில் விஷ நோயாளிகளின் வாரம்

மார்ச் 3

பூச்சிக்கொல்லி குடித்தவரை இரவில் தூக்கி வந்தார்கள். ஆர்கனோபாஸ்பேட் என்று பாட்டிலைப் பார்க்குமுன்பே தெரிந்துவிட்டது. ஊசிமுனை அளவில் கண்மணி, வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, தசைகளில் துடிப்பு. நரம்புகள் தசைகளுக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை இந்த விஷம் முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் தேங்கத் தேங்கச் சுரப்பிகள் எல்லாம் ஓயாமல் சுரக்கின்றன. உயிரைப் பறிப்பது நுரையீரலில் சேரும் நீர்தான். அந்தச் சுரப்பை அடக்கும் அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனோம். கண்மணி விரிந்துவிட்டதே என்று நிறுத்தக் கூடாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் கரகரப்பு அடங்கியிருக்க வேண்டும். நாடியும் ரத்த அழுத்தமும் நிலைத்திருக்க வேண்டும். விடியும்போது அடங்கியது.

வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் இன்னொரு ஆபத்து சேர்ந்துகொள்ளும். பாட்டிலை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பி வந்தால் அதுவே பெரிய உதவி.

மார்ச் 4

எனக்கு அதிக பயம் தருவது பாராசிட்டமால். அதை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டு இன்று வந்த பெண் நன்றாக உட்கார்ந்து பேசினாள். லேசான குமட்டல், அவ்வளவுதான். "நல்லாத்தானே இருக்கா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் 24 மணி நேரம் இந்த மருந்து வெளியே அதிகம் காட்டிக்கொள்ளாது. உள்ளே கல்லீரல் அதில் ஒரு பகுதியை நச்சுப் பொருளாக மாற்றிக்கொண்டிருக்கும். வழக்கமாக அதை அடக்கும் குளுட்டாதையோன் தீர்ந்துபோனால் கல்லீரல் செல்கள் சாகத் தொடங்கும். மஞ்சள் காமாலை தெரியும் நேரத்தில் பாதிப்பு முற்றியிருக்கும்.

அதனால்தான் "எத்தனை மணிக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறோம். விழுங்கி 4 மணி நேரம் கழிந்த பிறகு எடுத்த ரத்த அளவை, 1975 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தோம். சிகிச்சை தேவை என்று காட்டும் கோட்டுக்கு மேலே இருந்தது. குளுட்டாதையோனை மீண்டும் நிரப்ப உதவும் மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் சொட்டுகளை உடனே தொடங்கினோம். 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை அநேகமாகக் காப்பாற்றிவிடலாம். இதையெல்லாம் அப்பாவுக்கு உட்கார வைத்து விளக்கினேன். அப்புறம் அவர் மறுக்கவில்லை.

மார்ச் 5

பூச்சிக்கொல்லி நோயாளி தெளிவாகப் பேசுகிறார். ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்கிறோம். 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்துத் தசை தளர்ந்தால், அடுத்து மூச்சுத் தசையும் தளரலாம். இன்று தூக்கினார்.

மார்ச் 6

மெதடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை) மருந்தை அதிகமாக எடுத்த ஒருவர். நிமிடத்துக்கு 4 மூச்சு. முதலில் பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுத்தோம், பிறகு அந்த வகை மருந்துகளின் விளைவை முறிக்கும் நாலோக்சோன். கண் விழித்ததுமே கிளம்ப வேண்டும் என்றார். நாலோக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம் வரைதான், மெதடோனோ ஒரு நாளுக்கு மேலும் உடம்பில் தங்கும். வெளியே போனால் வழியிலேயே மறுபடி மூச்சு அடங்கிவிடலாம் என்று கெஞ்சித்தான் நிறுத்தினேன். நாலோக்சோன் இப்போது சொட்டாக ஓடுகிறது.

அந்தப் பெண்ணின் கல்லீரல் பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன. மனநல மருத்துவர் நாளை காலை அவளிடம் பேச வருகிறார். அதற்குமுன் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று கோப்பில் எழுதிவைத்தேன்.