முட்டிடிச்சான் பாறையிலிருந்து கோட்டாறு வரை

புனித தேவசகாயத்தைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக நாகர்கோவிலில் உள்ள கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போய்விடுவார்கள். அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஆனால் புலியூர்க்குறிச்சியிலிருந்து தொடங்கினால்தான் அவர் பட்ட பாடு நமக்குப் பிடிபடும்.

அங்கே முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டவர், தாகத்தில் ஜெபித்துத் தன் முட்டால் இடித்தபோது தண்ணீர் ஊறியது என்பது மக்கள் நம்பிக்கை. நாங்கள் போனபோது வரிசையில் ஒருவர் நன்றாக மது குடித்துவிட்டு நின்றிருந்தார். அழுதுகொண்டே இருந்தார். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பாட்டி, தான் பிடித்து வைத்திருந்த தண்ணீரை அவரிடம் நீட்டினார். “வாங்கிக் குடி மக்களே. பெறகு நின்னு ஜெபிக்கலாம்.” அவ்வளவுதான். ஏன் குடித்தாய், எந்த ஊர், எந்தச் சபை என்று ஒரு கேள்வியும் இல்லை. முணுமுணுத்தவர்களும் அப்புறம் அவருக்கு இடம் விட்டார்கள்.

தேவசகாயம் வாழ்ந்ததும் இப்படித்தானே? 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளர். டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைய மேல்சாதியாரால் அதைப் பொறுக்க முடியவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காற்றாடிமலையில், தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு வடக்கன்குளம் போனோம். என் மனம் அதிகம் நின்றது அங்கேதான். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், பின்னாளில் கட்டிய திருக்குடும்ப ஆலயத்துக்குள் சாதிவாரியாக மக்களைப் பிரிக்கத் தடுப்பு இருந்தது. ஒரே பீடம், ஒரே நற்கருணை, நடுவே சுவர்! கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அதை இடித்தார்கள். அதற்கும் வழக்குப் போட்டார்கள் நம்மவர்கள். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இருக்கை, ஏழைக்குக் கால்மாட்டில் இடமா என்று விவிலியத்தில் யாக்கோபு தம் திருமுகத்தில் கேட்டது வேறு யாரையோ அல்ல. இன்றும் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பிரிவினைச் சுவர் நிற்கிறதே.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவிக்கும் முன், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கியது. குருவோ துறவியோ அல்லாத, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் வெறும் தேவசகாயமாகவே பீடமேறினார். எனக்கு அது பெரிய ஆறுதல்.

கோட்டாற்றில் கல்லறை முன் முழங்காலிட்டபோது எங்கள் பங்கு ஆலயத்து மக்களுக்காகத்தான் வேண்டினேன். சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகள் திருவிழாவுக்கு வந்தால் முகம் கொடுக்காத வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. பிள்ளைகளின் பெயரையும் பெற்றவர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்தக் கிறிஸ்துமஸுக்காவது ஒரே இலை வரிசையில் உட்கார வையும் என்று கேட்டேன்.