அடைமழை நாட்கள், மேற்கு மாம்பலம், சென்னை

நவம்பர் 13

பள்ளி விடுமுறை என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. பையன் கண்ணைத் திறந்து அதை ஒருமுறை உறுதி செய்துகொண்டு மறுபடி போர்வைக்குள் போய்விட்டான். பால் பாக்கெட் போடுகிற அண்ணன் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே நிறுத்திச் சுக்கு மல்லிக் காபி கொடுத்தேன். கருப்பட்டி போட்டது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எனக்கும் அந்தச் சூடு வேண்டியிருந்தது. அவர் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தேன். மழை நாளில் முதல் வேலை இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

நவம்பர் 14

ராத்திரியே கரண்ட் போய்விட்டது. தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். எங்கள் பக்கமெல்லாம் தரைக்கடியில் ஓடும் கேபிள்தான். தெருவோரம் நிற்கிற மின்சாரப் பெட்டியில், அதாவது பில்லர் பாக்ஸில், தண்ணீர் ஏறினால் யாராவது நடந்து போகும்போது ஷாக் அடித்துவிடும். வடியும்வரை நிறுத்தி வைப்பதே நல்லது.

மிக்ஸி கிடையாது என்றதும் அம்மா அம்மியைக் கழுவச் சொன்னாள். துவரம் பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, கூடவே மிளகாய் வற்றலும் கொஞ்சம் மிளகும். ஆறியதும் தேங்காய், உப்பு, ஒரு பல் பூண்டு வைத்து, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து அரைத்தாள். மிக்ஸியில் பருப்பு ஒரேயடியாக மாவாகிவிடும். அம்மியில் அங்கங்கே நறநறப்பு நிற்கும், துவையலின் ருசியே அதில்தான். குழைந்த சூடு சாதம், நல்லெண்ணெய், மிளகு ரசம், தணலில் சுட்ட அப்பளம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யார் கையிலும் செல்போன் இல்லை. சார்ஜ் இல்லாததுதான் காரணம், ஆனாலும் நன்றாக இருந்தது. பையன் தாத்தாவிடம் கதை கேட்டு வாங்கினான்.

விளக்கைச் சுற்றி ஈசல் வந்தபோது அம்மா மெழுகுவத்தியை ஒரு தட்டுத் தண்ணீரின் நடுவில் வைத்துவிட்டாள்.

நவம்பர் 15

இதை எழுதித்தான் ஆக வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்தோம். அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. அம்மாவையும் கைக்குழந்தையையும் மாடி வீட்டுக்காரர்கள்தான் மேலே ஏற்றினார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் மழைச் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் தெருவைப் பார்ப்பேன். படுத்துக்கொண்டே மழையைக் கேட்பது என்பதே மறந்துபோயிருந்தது.

அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொடுத்தவர் அப்பா. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மொட்டை மாடியில், மரமோ தண்ணீர்த் தொட்டியோ மறைக்காத இடத்தில், பக்கம் நேராக இருக்கிற எவர்சில்வர் டப்பா ஒன்றை வைத்திருக்கிறார். வானிலை மையத்தில் அளக்கிற அதே காலை 8.30 மணிக்கு ஸ்கேலை உள்ளே நிறுத்திப் பார்த்துக் காலண்டர் தாளில் குறிப்பார். இன்று 62 மில்லிமீட்டர்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் மொட்டை மாடி 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். பையன் தாளில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல!" என்று கத்தினான். அதில் பெரும்பகுதி குழாய் வழியாக வடிகட்டித் தொட்டிக்கு வந்து, ஜல்லியிலும் மணலிலும் இறங்கிக் கிணற்றில் விழுகிறது. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்காரர் ஒழுங்காகச் செய்து வைத்த வேலை அது. சில வீடுகளில் பெயருக்கு ஒரு குழாய் மட்டும் நிற்கிறது, பார்த்தால் வயிறு எரிகிறது. மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நிற்கிற ஊர் இது.

அடையாற்றில் தண்ணீர் திறந்துவிடுகிற செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. தினமும் நீர்மட்டம் எத்தனை என்று அப்பா என்னைப் பார்க்கச் சொல்கிறார். முன்பு அந்த எண்ணைப் பார்க்கவே கை நடுங்கும். இப்போது நானே சத்தமாகப் படித்துச் சொல்கிறேன்.

மத்தியானம் கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தத்தில் ஒரு மணி நேரம் தூங்கினேன்.

நவம்பர் 16

தூறல்தான். கரண்ட் வந்ததும் எல்லோருக்கும் முதல் நினைப்பு துணி. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி, ஃபேன் முழு வேகத்தில். யூனிஃபார்மை இஸ்திரி போட்டே காய வைத்தேன். உப்பு ஜாடியில் நீர் விட்டிருந்தது, கொஞ்சம் அரிசி போட்டு மூடினேன். சாயங்காலம் அம்மா சாம்பிராணி போட்டாள். ஈர வாடை போய்விட்டது. தலையணை உறையில்கூட அந்த மணம்.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்துவிட்டது. எதிர்வீட்டுத் தம்பி விடியற்காலையில் குளித்து, மாலை போட்டுக்கொண்டு, ஈரத் தெருவில் செருப்பில்லாமல் போனான். "சாமி, பார்த்துப் போங்க, கல்லும் கண்ணாடியும் கிடக்கும்" என்றேன். சிரித்துவிட்டு ஓரமாகப் போனான்.

வெயில் எட்டிப் பார்த்த அரை மணி நேரத்தில் தெருவில் எல்லா மாடியிலும் துணி. வங்கக் கடலில் அடுத்த தாழ்வுப் பகுதி உருவாகிறதாம். அப்பா டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்து மறுபடி வைத்துவிட்டார். நான் கடைக்குப் போய் மெழுகுவத்தி, தீப்பெட்டி, சுக்கு, துவரம் பருப்பு ஒரு கிலோ வாங்கி வந்தேன். பையன் பஜ்ஜிக்கு வாழைக்காயும் வேண்டும் என்றான், இரண்டு வாங்கியிருக்கிறேன்.