150 சொல்லுக்குள் ஓர் ஊர்

நான் ஓர் எம்.பி.யிடம் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரம் என் கைக்கு வந்தது ஒரு மஞ்சப்பை. 2019 தேர்தல் முடிந்து ஊர் ஊராக நன்றி சொல்லப் போன இடங்களில் வாங்கிய மனுக்கள் அதில் இருந்தன. இருநூறுக்குக் குறையாது. சில டைப் அடித்தவை, சில பள்ளிக்கூட நோட்டில் கிழித்தவை, ஒன்று கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதியது. “டெல்லிக்கு எது, கலெக்டருக்கு எதுன்னு பிரிச்சு வைப்பா” என்றார் ஐயா.

பிரித்து முடித்தபோது டெல்லிக் குவியலில் முப்பதுகூடத் தேறவில்லை. மீதியெல்லாம் தெருவிளக்கு, டவுன் பஸ், ரேஷன் கார்டு, பட்டா, சுடுகாட்டுப் பாதை. ஊராட்சியோ மாநில அரசோ செய்ய வேண்டியவை. இதை ஊரில் சொல்லிப் பாருங்கள். “அப்ப எதுக்கு ஓட்டுக் கேட்டு வந்தீக?” என்பார்கள். அதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. ஐயா எந்த மனுவையும் திருப்பித் தர மாட்டார். கடிதத்தாளில் நான்கு வரி எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, உரிய அதிகாரிக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கடிதத்தின் பலம் வாங்குகிறவரைப் பொறுத்தது.

டெல்லிக் குவியலில் மேலே இருந்தது ஒரு ரயில் மனு. சென்னைக்குப் போகும் இரவு வண்டி எங்கள் தொகுதியின் சின்ன ஸ்டேஷன் ஒன்றில் நிற்க வேண்டும் என்று முப்பது நாற்பது பேர் கையெழுத்தும் கைரேகையும் வைத்திருந்தார்கள். நான் வாங்கி வைத்திருந்த நீள நோட்டில் முதல் பக்கத்தில் அதைத்தான் பதிந்தேன்.

எங்கள் தொகுதி வானம் பார்த்த பூமி. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடக்கம். எங்களுடையது இரண்டு மாவட்டங்களில் கிடந்தது. ஒரு கோடியில் துக்க வீடு, மறு கோடியில் காதுகுத்து என்றால் அன்றைய பகல் காரிலேயே போய்விடும். வெள்ளிக்கிழமை இரவு டெல்லியிலிருந்து கிளம்பி, இரண்டு நாள் இப்படிச் சுற்றிவிட்டு, திங்கள் காலை 11 மணிக்குக் கேள்வி நேரத்தில் உட்கார்ந்திருப்பார் ஐயா. வயது அறுபதைத் தாண்டியவர். கேமரா அவர் பக்கம் திரும்பும்போது கண்ணை மூடியிருந்தால் அது தூக்கம் என்று ஊரில் செய்தியாகிவிடும். அதனால் சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். என் வேலையில் முக்கால்வாசி அதுதான்.

மக்களவையில் கேள்வி இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும். ஒரு நாளைக்கு முதல் வகையில் 20, இரண்டாம் வகையில் 230. ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள். குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் யாருடைய கேள்வி பட்டியலில் எந்த இடத்தில் வரும் என்பதற்குக் குலுக்கல். நாடாளுமன்றம் என்றால் மேசையைத் தட்டும் சத்தம் என்று நினைத்துப் போன எனக்கு, அது ஏதோ ஏலச்சீட்டு மாதிரி இருந்தது.

நான் எழுதிய முதல் கேள்வி ஒரு கண்மாயைப் பற்றியது. பல ஆண்டுகளாகத் தூர்வாராமல் கருவேலம் மண்டிக் கிடப்பதையும் விவசாயிகள் படும் துயரத்தையும் அமைச்சர் அறிவாரா என்று உருகி உருகி எழுதினேன். ஏற்கப்படவில்லை. தப்பு என்னுடையதுதான். கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, கிண்டல் கூடாது, கருத்துக் கேட்கக் கூடாது, மத்திய அரசின் பொறுப்பில் இல்லாததைக் கேட்கக் கூடாது, பொதுவாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. துயரத்துக்கு அதில் இடமில்லை.

பக்கத்து அறையில் வேறொரு எம்.பி.யிடம் பல வருடம் இருந்த ஓர் அண்ணன்தான் வழி காட்டினார். “கண்மாயைக் கேக்காதே தம்பி. கண்மாய்க்குப் பணம் வர்ற திட்டத்தைக் கேளு.” நீர்நிலைகளைப் பழுதுபார்த்துச் சீரமைக்க மத்திய நிதி தரும் திட்டம் ஒன்று பிரதம மந்திரி கிருஷி சிஞ்சாய் யோஜனா என்ற மத்திய அரசின் பாசனத் திட்டத்தின் கீழ் இருந்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து எத்தனை நீர்நிலைகளுக்கு முன்மொழிவு வந்தது, எத்தனைக்கு ஒப்புதல், எவ்வளவு விடுவிக்கப்பட்டது, ஆம் எனில் விவரங்கள், இல்லை எனில் காரணங்கள். கண்மாயின் பெயர் எங்கும் இல்லை. கேள்வி போயிற்று. பதிலும் வந்தது. முதல் வாக்கியம்: நீர் என்பது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். அதைப் படித்துவிட்டு ஐயா சிரித்தார். ஆனால் பின்னால் இணைத்திருந்த அட்டவணையை மட்டும் தனியே எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பதிலைப் படிக்கும்போது கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அன்று அவரிடம் கற்றுக்கொண்டேன்.

வாய்ப்பேச்சு வேறு கலை. ஐயா படித்தது பன்னிரண்டாம் வகுப்புவரை. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் வாசித்துவிடுவார், ஆனால் அவர் குரல் அதில் இருக்காது. இந்தியோ ஆங்கிலமோ தெரியாதவர் தாய்மொழியில் பேச அனுமதிக்கலாம் என்று அரசியலமைப்பின் 120ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அவர் தமிழில்தான் பேசினார். பேச்சின் நகலை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்துவிடுவேன். ஒருமுறை அந்த மொழிபெயர்ப்பாளர் என்னைக் கூப்பிட்டு, “கண்மாய்னா ஏரியா, குளமா?” என்று கேட்டார். அவர் வடமாவட்டத்துக்காரர். இரண்டும்தான் சார், ஆனால் இரண்டும் இல்லை என்று நான் ஆரம்பித்த விளக்கத்தை முடிக்க நேரமில்லை. காதுக்குழாயில் அன்று எந்தச் சொல் போனதோ!

நட்சத்திரக் கேள்வி ஒன்று ஐந்து வருடத்தில் ஒரே ஒருமுறைதான் பட்டியலின் மேல்பாதியில் விழுந்தது. ஆறாவது இடம். மூன்று வாரம் தயாரித்தோம். அமைச்சர் இப்படிச் சொன்னால் அப்படி மடக்கலாம் என்று துணைக்கேள்விகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அடுக்கினோம். அன்று ஐந்தாவது கேள்வியில் ஆளாளுக்குத் துணைக்கேள்வி கேட்டு இழுத்துவிட்டார்கள். மணி 12 அடித்தது. கேள்வி நேரம் முடிந்தது. பதில் எழுத்து வடிவில் மேசைக்கு வந்துவிட்டது. வெளியே வந்த ஐயா எதுவும் சொல்லவில்லை, ஏலக்காய் மட்டும் கொடுத்தார்.

ஊரில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிவது, கேள்வி நேரம் முடிந்ததும் வரும் பூஜ்ய நேரத்தில் அவர் பேசும் இரண்டு நிமிட வீடியோதான். அதுவும் மைக் நிறுத்தப்பட்ட பிறகும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிற துண்டு வாட்ஸ்அப்பில் ஓடோ ஓடென்று ஓடும். பத்திரிகைகளோ வருடக் கடைசியில் வருகை எத்தனை சதவீதம், கேள்வி எத்தனை என்று எண்ணிப் போடும். கேள்வியின் எண்ணிக்கையை ஏற்றுவது ரொம்பச் சுலபம், அதைச் செய்தவன் சொல்கிறேன். ஒரே கேள்வியை அமைச்சகம் மாற்றி, மாநிலம் மாற்றி ஐந்தாக்கலாம். நானும் சில மாதம் செய்தேன். ஐயா கண்டுபிடித்து, “இது யாருக்குப்பா?” என்றார். அத்தோடு விட்டேன்.

உருப்படியான ஒரு கேள்வியைச் சொல்கிறேன். 2023இல் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். நூறு நாள் வேலைக்குப் போனவர். மூன்று வாரக் கூலி வரவில்லை. பாஸ்புக்கை இடுப்பிலிருந்து எடுத்து விரித்தார். வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது, கடைசி வரவு சித்திரையோடு நின்றிருந்தது. “ஆன்லைன்ல ஏறிருச்சுங்கிறாக ராசா. ஏறினது எங்க இறங்குச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாக.”

அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 294 ரூபாய். வேலை அளவைப் பொறுத்துக் கைக்கு வருவது அதைவிடக் குறையும். பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போகாமல் ஆதாரைப் பார்த்துப் போகும் முறைக்கு மாறிக்கொண்டிருந்த சமயம் அது. அந்த முறையில் பணம், ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். பாட்டியின் வாக்கியத்தையே கேள்வியாக்கினேன், உருகாமல். ஆதார் வழி செலுத்தியதில் நிராகரிக்கப்பட்டவை மாநிலவாரியாக எத்தனை, பயனாளி அறியாத வேறு கணக்குக்குப் போனது குறித்துப் புகார்கள் வந்துள்ளனவா, ஆம் எனில் நடவடிக்கை என்ன. குளிர்காலக் கூட்டத்தொடரில் பதில் வந்தது. புகார் பற்றிய பகுதிக்கு வழவழவென்று நான்கு வரி. கடைசிப் பக்கத்தில் அட்டவணை.

அந்தத் தாளோடு திஷா கூட்டத்துக்குப் போனார் ஐயா. மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்டக் குழு அது. எம்.பி. தலைவர், கலெக்டர் உறுப்பினர் செயலர். என்னைக் கேட்டால், கிராமத் தொகுதி எம்.பி.க்கு நாடாளுமன்றத்தைவிடக் கைக்கு எட்டிய இடம் இதுதான். சும்மா போய்ப் பாட்டிக்குப் பணம் வரவில்லை என்றால் “விசாரிக்கிறோம் சார்” என்பார்கள். அமைச்சர் அவையில் வைத்த தாளைக் காட்டி, இதில் நம் மாவட்டத்துக் கணக்கு எவ்வளவு என்று கேட்டபோது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊராட்சி வாரியாக முகாம் போட ஒத்துக்கொண்டார்கள்.

பாட்டியின் பணம் முகாமில் அகப்பட்டது. எப்போதோ குழுக் கடனுக்காக ரேகை வைத்தபோது வேறொரு வங்கியில் அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்திருக்கிறார்கள். கூலி மொத்தமும் அங்கே இருந்தது. கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. கையடக்க இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்த, அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்பிள்ளைதான் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தாள். மூன்று வாரம் டெல்லியில் மண்டையை உடைத்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையை அந்த வேப்பமரத்தடியில் கொண்டுவந்து உட்கார வைக்க ஒரு தாள் வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வருடத்துக்கு 5 கோடி. அது எம்.பி. வீட்டுக்கு வருவதாகவே பலர் நினைக்கிறார்கள். எம்.பி. பரிந்துரைக்க மட்டுமே முடியும், ஒப்புதலும் பணமும் மாவட்ட நிர்வாகத்தின் வழியே. ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரித்தால் ஊருக்கு ஒரு நிழற்குடைகூட வராது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் அதையும் நிறுத்தினார்கள். 2021 நவம்பரில் திரும்ப வரும்வரை, வாக்குக் கொடுத்த ஊர்களின் வழியாகப் போகாமல் சுற்றிப் போனோம்.

இனி அந்த ரயில். கேள்வி போட்டோம். கேள்வியாக இல்லாமல் ஒரு பிரச்சினையை அவையில் எழுப்ப வழி தரும் விதி 377இன் கீழ் 250 சொல்லில் ஒருமுறை எழுப்பினோம், மாதக்கணக்கில் கழித்து அமைச்சரின் கையெழுத்தோடு கடிதம் வந்தது. தெற்கு ரயில்வே பொது மேலாளர் எம்.பி.க்களோடு நடத்தும் கூட்டங்களில் ஐயா ஒவ்வொரு முறையும் அதையே முதலில் கேட்பார். போதுமான பயணிகள் இல்லை என்பார்கள். நிற்காத வண்டிக்கு எப்படிப் பயணிகள் வருவார்கள் என்பார் இவர். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த பொருளுக்குப் போவார்கள். கொரோனாவுக்குப் பிறகு அங்கே நின்றுகொண்டிருந்த பாசஞ்சர்கூட எக்ஸ்பிரஸ் ஆகி, 10 ரூபாய்க் கட்டணம் 30 ஆனது. அதைக் குறைக்கச் சொல்லியும் எழுதினோம், நாடு முழுக்க எழுதினார்கள், 2024 பிப்ரவரியில் பழைய கட்டணம் திரும்பியது. அதில் எங்கள் கடிதத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

2024 தேர்தலில் ஐயா நிற்கவில்லை. டெல்லி வீட்டைக் காலி செய்தபோது கடிதக் கட்டுகளை ஊருக்கு அனுப்பிவிட்டு நீள நோட்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். போன மாதம் அதே இரவு வண்டியில் சென்னைக்குப் போனேன். இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஜங்ஷனுக்குப் போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. சின்ன ஸ்டேஷன் வரும் நேரம் பார்த்து எழுந்து கதவருகே நின்றேன். வண்டி அங்கே கொஞ்சம் மெதுவாகப் போனது. வளைவு இருப்பதால் எப்போதுமே அப்படித்தானாம்.