அம்மா துவைத்த கொசுவலை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் பகாங் மாநிலத்தில், மெந்தகாப்பிலுள்ள அம்மா வீட்டுக்குப் போனபோது, பின்கட்டுக் கொடியில் தம்பியின் கொசுவலை உச்சிவெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் சலவைத் தூளில் ஊறவைத்து, குளோராக்ஸ் என்ற வெளுப்பு நீரும் கொஞ்சம் விட்டு அலசியதாக அம்மா பெருமையோடு சொன்னார். வலை பளபளவென்றுதான் இருந்தது. ஆனால், அதிலிருந்த கொசு மருந்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதே என் கவலை.

காட்டோரச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி, மலேரியாவில் விழுந்து மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்தபின் சுகாதாரத் துறையினர் கொடுத்த வலை அது. கடையில் வாங்கும் சாதாரண வலை கொசுவை வெளியே நிறுத்துவதோடு சரி. தூக்கத்தில் கையோ முழங்காலோ வலையில் ஒட்டிக்கொண்டால் கொசு கண்ணி வழியாகவே குத்திவிடும். மருந்தூட்டிய வலையோ, உடல் வாடைக்கு வந்து அதன்மேல் உட்காரும் கொசுவைக் கொன்றுவிடும், அல்லது விரட்டிவிடும்; சிறு கிழிசல் இருந்தாலும் பயன்படும். முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மருந்துநீரில் முக்கி எடுக்க வேண்டியிருந்தது. இப்போதைய வலைகளில் பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்தை நூலிலேயே ஏற்றிவிடுவதால், ஏறக்குறைய 20 சலவையும் 3 ஆண்டும் தாங்கும். ஆப்பிரிக்காவில் 2000 முதல் 2015 வரை தடுக்கப்பட்ட மலேரியாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இத்தகைய வலைகளால்தான் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வாழ்ந்த காலத்தில் இந்த வசதி ஏது? குளிர்காய்ச்சல் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கொடுக்கும் கொயினா (குவினைன்) மருந்துதான். காடு வெட்டித் தோட்டம் போட்டதே பல இடங்களில் நோயை வளர்த்தது என்பது கசப்பான வேடிக்கை. 1901இல் கிள்ளானில் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்த டாக்டர் மால்கம் வாட்சன், சமவெளியில் காட்டை அழித்தால் நிழல்நீரில் முட்டையிடும் கொசு ஒழிவதையும், அதையே மலைத் தோட்டத்தில் செய்தால் வெயில்பட்ட தெளிந்த ஓடைகளில் மலேரியாவைப் பரப்பும் வேறொரு அனாபிலிஸ் கொசு பெருகுவதையும் கண்டறிந்தார். அதனால்தான் அந்த ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் வழியே விட்டார்கள், எண்ணெய் ஊற்றினார்கள். ஒரே மருந்தை ஊரெல்லாம் கொடுக்க முடியாது என்பதை நம் மலைத்தோட்டங்கள் அன்றே காட்டியிருக்கின்றன.

தம்பியின் கதையும் அப்படித்தான். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டுத் தொற்றாகப் பதிவாகவில்லை. அவனைப் பிடித்தது குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் குரங்கு மலேரியா. இயற்கையாக அது மனிதரைத் தொற்றியதாக முதன்முதலில் அறியப்பட்டது 1965இல், இதே பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம். பிறகு 2004இல் சரவாக்கின் காப்பிட்டில் ஆய்வாளர் பல்பீர் சிங் குழுவினர் அது அரிதான நோயல்ல என்று காட்டினார்கள். இந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவதால், இரண்டு நாள் பார்க்கலாம் என்று காய்ச்சலோடு படுத்திருப்பது ஆபத்து; தம்பி அதைத்தான் செய்தான். இதைப் பரப்பும் கொசு பெரும்பாலும் வெளியில், அந்தி சாய்ந்ததுமே கடிக்கிறது. ஆகவே, பத்து மணிக்கு வலைக்குள் புகுபவனை அது ஏழு மணிக்கே தோட்டத்து ஓரத்தில் பிடித்துவிடும். வலை வீண் என்று இதற்குப் பொருளல்ல. முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் தைலமும் அந்த ஏழு மணிக்கு வேண்டும் என்றுதான் பொருள்.

அன்று கட்டிலுக்குமேல் வலையை மறுபடி கட்டும்போது, காற்றாடியை வலைக்கு வெளியே பக்கவாட்டில் வைத்தோம். புழுக்கம் என்று அவன் நள்ளிரவில் வலையைத் தூக்கிவிடுவது அம்மாவுக்கும் தெரியும். ஓரங்களை மெத்தைக்கடியில் செருகினோம்.

"அப்போ இதைத் துவைக்கவே கூடாதா?" என்றார் அம்மா.

குளிக்கும் சோப்பு போட்டு, பச்சைத் தண்ணீரில் மெல்ல அலசி, நிழலில் காயவைக்கலாம் என்றேன். அலசிய நீர் மீனுக்கு நஞ்சு, ஓடையிலோ குட்டையிலோ கலக்கக் கூடாது என்றும் சொன்னேன். அம்மா சற்று யோசித்து, அந்த நீரை வாழைமரத்தடியில்தான் ஊற்றியதாகச் சொன்னார். பக்கத்து வீட்டு மாமாவின் கெளுத்தி மீன் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.