மாண்டோவியில் ஒரு கே-ஒன்பது

பெங்களூரில் இரவு பஸ் ஏறினால் காலையில் பணஜி கடம்பா பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து படகுத்துறை நடக்கிற தூரம்தான். கோவாவின் மாண்டோவி ஆற்று நடுவில் நங்கூரம் போட்டு நிற்கிற கேசினோ கப்பலுக்கு ஒரு சின்னப் படகு கூட்டிப்போகும். தலைக்கு மேலே அடல் சேது பாலம், பக்கத்தில் மீன்பிடிப் படகுகள். இரண்டாவது வருஷமாக நான் இங்கே வந்தது போக்கர் டோர்னமெண்டுக்காக. போன வருஷம் செய்த தப்பு ஒரு வருஷமாக மனசை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு என்னிடம் 24,000 சிப்ஸ். சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்து இரண்டு பேர் கட்டியாக வேண்டிய பிளைண்ட்: சின்னது 1,000, பெரியது 2,000. அதோடு பெரிய பிளைண்டுக்காரர் சேர்த்துக் கட்டும் ஆன்டி 2,000. ஒன்றும் ஆடாமல் ஒரு சுற்று உட்கார்ந்தாலே 5,000 காலி. பட்டனில், அதாவது பிளைண்டுக்காரர்களுக்குச் சற்று முன்னால் முடிவெடுக்கிற இடத்தில், கே-பத்து (கிங், பத்து) வந்தது, ஆடாமல் சீட்டைப் போட்டுவிட்டேன். ஏ-நாலு வந்தது, அதையும் போட்டேன். நல்ல ஜோடி வரட்டும் என்று காத்திருந்தேன். ஒரு சுற்று முடிந்து 19,000 ஆனது. பிளைண்ட் 1,500, 3,000 என்று ஏறியது, ஆன்டியும் 3,000. இன்னொரு சுற்றில் மிச்சம் 11,500.

அப்போது வந்தது ஏ-ஜே. இருந்த எல்லா சிப்ஸையும் வைத்து ஆல்-இன் போனேன். பெரிய பிளைண்டில் இருந்தவர் இன்னும் 8,500 கட்டினால் போதும், மொத்தம் 27,500 அள்ளலாம். மூன்றில் ஒரு தடவை ஜெயித்தாலே அவருக்கு லாபம். ஒன்பது-ஆறை வைத்துக்கொண்டு கட்டினார், கட்டியது சரிதான். மேஜை நடுவில் விரிக்கிற பொதுச் சீட்டில் ஒன்பது விழுந்து அவருக்கு ஜோடி சேர்ந்தது. நான் எழுந்தேன்.

சீட்டு மோசமில்லை. என் சிப்ஸைப் பார்த்துப் பயப்பட யாருமில்லை, அதுதான் விஷயம். 1982 உலகப் போக்கர் தொடரில் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு சிப்பிலிருந்து மீண்டு பட்டம் வென்ற கதையை எல்லா மேஜையிலும் சொல்வார்கள். அருமையான கதை. ஆனால் கடைசி சிப் வரை காத்திருக்கலாம் என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டால் பாதகம். பெரிய பிளைண்டைப் போல ஒன்பது, பத்து மடங்கு கையில் இருக்கும்வரைதான் எதிராளி ‘தோற்றால் வலிக்குமே’ என்று யோசிப்பான்.

இந்த முறை 18,000, பிளைண்ட் அதே 1,000, 2,000. நான் பட்டனில். எனக்கு முன்னால் எல்லாரும் சீட்டைப் போட்டு ஃபோல்ட். சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தூக்கினேன்: கே-ஒன்பது, இரண்டும் ஆட்டின். யாராவது முன்பே பந்தயத்தை ஏற்றி ரெய்ஸ் பண்ணியிருந்தால் யோசிக்காமல் சீட்டைப் போட்டிருப்பேன். அடுத்தவன் அடித்ததைக் கட்ட இந்தக் கை போதாது; முதல் ஆளாக எல்லா சிப்ஸையும் தள்ள தாராளமாகப் போதும். மூன்று அடுக்கையும் சேர்த்து முன்னால் நகர்த்தினேன்.

சின்ன பிளைண்டுக்காரர் உடனே சீட்டைப் போட்டுவிட்டார். பெரிய பிளைண்டுக்காரர் தன் சிப்ஸில் என் அளவுக்குப் பிரித்து வைத்து, திரும்ப அடுக்கி, மறுபடி பிரித்தார். மோதிரம் சிப்பில் தட்டுகிற சத்தம் மட்டும். கடைசியில் ஏ-மூணைத் திருப்பிக் காட்டிவிட்டு டீலர் பக்கம் தள்ளினார். ஒரு சீட்டும் விழாமல் 5,000 வந்தது. கிட்டத்தட்ட இன்னொரு சுற்று உயிர்.

அந்த இரவில் இதே மாதிரி இன்னும் மூன்று தடவை தள்ளினேன், மூன்றும் கட்டப்படாமலே வந்தன. இன்னும் நாலு பேர் வெளியேறினால் பரிசு வட்டம் என்றிருக்கையில் எட்டு ஜோடியோடு தள்ளினேன். ஏ-க்யூ கட்டியது. கடைசி சீட்டில் க்யூ, அவருக்கு என்னைவிடப் பெரிய ஜோடி.

விடிகாலைப் படகில் காற்று குளிர்ந்திருந்தது. எட்டு ஜோடியை மனசில் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தள்ளத்தான் செய்தேன்.