நோயாளிக்கு என்ன உறவு?

2023 அக்டோபர் 9, திங்கள்

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது இடுப்பு எலும்பு முறிவு. நான் திருச்சியில் இருந்தேன். ஆம்புலன்ஸை வரவழைத்தது, சேர்த்தது, முன்பணம் கட்டியது எல்லாம் ச. தான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

அக்டோபர் 10

சர்க்கரை இறங்கினால்தான் அறுவை சிகிச்சையாம்.

அக்டோபர் 11

சேர்க்கைப் படிவத்தின் நகலைக் கொடுத்தார்கள். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் ச.வின் உருண்டைக் கையெழுத்தில் 'மருமகள்'. அதற்கு முன் வேறு ஏதோ எழுதி அடித்திருக்கிறாள். அடித்தலுக்கு அடியில் 'தோ' மட்டும் தெரிகிறது.

தோழியெல்லாம் கையெழுத்துப் போட முடியாது, ரத்த உறவு அல்லது திருமண உறவு வேண்டும் என்றாராம் கவுண்டரில் இருந்த பெண். "உன் அண்ணனுக்கு என்னைக் கட்டிவைத்துவிட்டேன், அண்ணியிடம் சொல்லிவிடாதே," என்று ச. சிரிக்கிறாள். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பாவுக்கு இது காதில் விழுந்ததா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். அப்பா அவளை இத்தனை வருடங்களாக "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுகிறார். யாருக்குத் தங்கச்சி என்று யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் 14

அறுவை சிகிச்சை முடிந்தது. நன்றாக இருக்கிறார். மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "முரசொலி வந்ததா?"

அக்டோபர் 15

தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றம் மே 11 அன்று ஒத்திவைத்த தீர்ப்பு. நீதிபதி ரவீந்திர பட் 20ஆம் தேதி ஓய்வு பெறுகிறார், ஆகவே அதற்குள் வந்தாக வேண்டும். ச. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உச்ச நீதிமன்ற வழக்குப் பட்டியலைத் திறந்து பார்க்கிறாள். பார்க்காதே என்று சொல்லிவிட்டு, அவள் காபி வாங்கப் போன நேரத்தில் நான் பார்த்தேன்.

வேண்டுமென்றே நல்லதாக ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். சுயமரியாதைத் திருமணத்தை வழக்கறிஞர்கள் நடத்திவைத்தாலும் செல்லும், ஊரைக் கூட்ட வேண்டிய அவசியமில்லை என்று இந்த ஆகஸ்ட் 28ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அமர்விலும் இருந்தவர் இதே பட். ஊரும் உறவும் மிரட்டும் சூழலில் பகிரங்க அறிவிப்பு ஆபத்து என்று புரிந்துகொண்டவர் நம்மையும் புரிந்துகொள்ள மாட்டாரா?

அக்டோபர் 16

நாளை.

அக்டோபர் 17

செல்பேசியை மருந்துப் பெட்டிமேல் சாய்த்துவைத்து நேரலை பார்த்தோம். தலைமை நீதிபதி சந்திரசூட் முதலில் வாசித்தார். இது நகரத்து மேட்டுக்குடியின் சங்கதி என்று மத்திய அரசு எழுதிக்கொடுத்ததை அவர் ஏற்கவில்லை. கிராமத்தில் வயல் வேலை செய்யும் பெண்ணும் இப்படி இருக்கலாம் என்றார். ச. என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் அம்மா விருத்தாசலம் பக்கம் நாற்று நட்டவர். சேர்ந்து வாழும் உரிமை, அதை அரசு அங்கீகரிக்க வேண்டும் என்று அவர் வாசிக்க வாசிக்க, நான் மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அடுத்து நீதிபதி கவுல், அவரும் அதே பக்கம். இரண்டு. ஐவர் அமர்வில் இன்னும் ஒருவர் போதும்.

பிறகு பட் வாசிக்கத் தொடங்கினார்.

மூன்றுக்கு இரண்டு, எங்களுக்கு எதிராக. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. தத்தெடுப்பும் இல்லை. கேபினட் செயலாளர் தலைமையில் ஒரு குழு அமைப்பார்களாம்.

அந்த நேரத்தில் செவிலியர் வந்து, "நோயாளியின் மருமகள் யார், மருந்துச் சீட்டில் கையெழுத்து வேண்டும்," என்றார். ச. எழுந்து போனாள்.

அக்டோபர் 18

யாருடனும் பேசப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 20

அண்ணன் தொலைபேசியில். அப்பாவின் நடைப்பயிற்சி, பில், காப்பீடு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "தீர்ப்பு பார்த்தேன். வருத்தப்படாதே. எனக்கு ஒன்றும் ஆட்சேபமே இல்லை, உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி," என்றான்.

இவன் நல்லவன். 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு விழுந்தபோது முதலில் வாழ்த்து அனுப்பியவன் இவன்தான். தங்கை குற்றவாளி இல்லை என்று ஆனதில் உண்மையாகவே மகிழ்ந்தான். ஆனால் அவன் மகள் திருமண அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. ச. வந்தாள், பந்தியில் பரிமாறினாள், குடும்பப் படத்துக்கு எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தாள், அந்தப் படத்தை எடுத்ததும் அவள்தான்.

கொடுமைக்காரர்களோடு சண்டை போட்டுவிடலாம். ஆட்சேபம் இல்லாதவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

அக்டோபர் 22

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு. பிறகு செய்தித்தாளை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், அந்தச் செய்தியையும்.

"நீதிமன்றம் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது," என்றார்.

கஞ்சிக் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டேன்.

"1953இல் சென்னை உயர் நீதிமன்றம் எங்கள் திருமண முறையே செல்லாது என்றது, அம்மா. நாங்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசினோம். 67இல் ஆட்சிக்கு வந்தோம். அண்ணா சட்டம் போட்டார், ஏற்கெனவே நடந்த திருமணங்களும் செல்லும் என்று சேர்த்தே போட்டார். சட்டமன்றத்தில் வாங்கியதால்தான் நிலைத்தது."

அவரும் அம்மாவும் மாலை மாற்றிக்கொண்டது 1964இல். வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா என்று அச்சிட்ட அந்த அழைப்பிதழ் இன்னமும் அலமாரியில் இருக்கிறது. அண்ணன் பிறந்தது 1966. அவன் பிறந்தபோது சட்டத்தின் கண்ணில் அவன் பெற்றோர் தம்பதி இல்லை. 'ஊருக்குத் தெரிய வேண்டுமா' என்று கேட்கிறவன் இவன்.

நான் சொன்னேன்: "உங்களால் பெரும்பான்மை ஆக முடிந்தது. நாங்கள் எத்தனை தலைமுறை பேசினாலும் எண்ணிக்கையில் வெல்ல முடியாது. 2013இல் இதே உச்ச நீதிமன்றம் மிகச் சிறு பிரிவினர் என்று சொல்லித்தான் 377ஐ மீண்டும் உயிர்ப்பித்தது. நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கும் சொன்னார்கள். 2015 டிசம்பரில் சசி தரூர் ஒரு தனிநபர் மசோதாவோடு போனார். விவாதமே இல்லை, அறிமுகம் செய்யவே விடவில்லை. எதிர்த்து 71, ஆதரவாக 24."

"அந்த 24இல் நம் ஆட்கள் எத்தனை பேர்?"

"அந்த மக்களவையில் உங்கள் கட்சிக்கு ஒருவர்கூட இல்லை அப்பா."

"அப்படியானால் எங்கள்மேல் குற்றம் இல்லை," என்று அவர் சொன்ன வேகத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை நினைவூட்டினார். அது திருநர் உரிமைக்கானது, 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, நல்ல காரியம், ஆனால் எங்களுக்கானது அல்ல என்றேன். அப்பாவுக்கு எல்லாமே ஒன்றுதான். நலவாரியம் அமைத்தோமே என்கிறார்.

பிறகு நான் விடவில்லை. திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால்தான் அண்ணாவால் இந்துத் திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்கான 7-ஏ பிரிவைச் சேர்க்க முடிந்தது, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு. அந்த வழி இன்றைக்கும் அடைபட்டுவிடவில்லை. மத்திய அரசு இந்த வழக்கில் மாநிலங்களைக் கருத்துக் கேட்டது. ஏழு மாநிலங்கள் பதில் எழுதியதாக மே மாதம் நீதிமன்றத்தில் சொன்னார்கள். ராஜஸ்தான், ஆந்திரம், அசாம் எதிர்ப்பு. மற்ற நாலும் அவகாசம் கேட்டன. நம் மாநிலத்தின் பெயர் எதிர்த்தவர்களிலும் இல்லை, அவகாசம் கேட்டவர்களிலும் இல்லை. புரோகிதர் இல்லாத திருமணத்தை இந்துத் திருமணச் சட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் ஒரு வரி எழுத முடியாதா?

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 24

பிசியோதெரபிஸ்ட் விடுமுறை. ச. தான் காலை மடக்கி நீட்டினாள். "ஐயா, பத்து எண்ணுங்கள்." எண்ணினார். ஏழிலேயே திட்ட ஆரம்பித்துவிட்டார்.

அக்டோபர் 29

ச.வின் கோப்பு மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. 2021 ஜூன் 7 தேதியிட்ட, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவு, ஓரம் மடங்கிய நகல். வெளியூர் போனால் அதைப் பையில் வைத்துக்கொள்வாள். வீட்டை விட்டு வந்த புதிதில் அவள் மாமா 'காணவில்லை' என்று புகார் கொடுத்ததும், காவல் நிலையப் பெஞ்சில் இரவு முழுக்க உட்காரவைத்ததும் அவளுக்குள் இன்னும் போகவில்லை. சம்மதித்து வாழும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால் அத்தகைய புகாரைத் துன்புறுத்தாமல் முடித்துவிட வேண்டும் என்கிறது அந்த உத்தரவு. அடுத்த ஆண்டு போலீஸ் நடத்தை விதிகளையே திருத்தினார்கள்.

அந்த நீதிபதி, தனக்கும் இந்த விஷயம் முழுமையாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையும் உத்தரவில் எழுதினார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் அதைச் செய்திருந்தால் போதும்.

நவம்பர் 3

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்த ஆண்டு வெளியிட்ட கணக்கில் இந்தியர்களில் 53 விழுக்காட்டினர் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தரலாம் என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்புறம் என்ன, பெரும்பான்மைதானே!" என்றார். அந்த 53 பேர் எங்கே குடியிருக்கிறார்கள்? நாங்கள் வாடகைக்கு வீடு தேடிய காலத்தில் ஒருவர்கூட வீட்டுக்காரராக வரவில்லை.

நவம்பர் 12

தீபாவளி. அப்பா கொண்டாடுவதில்லை. வெடிச் சத்தத்துக்குக் காதை மட்டும் பொத்திக்கொள்கிறார்.

நவம்பர் 17

இந்தக் குடியிருப்பு என் பெயரில் இருக்கிறது. தவணையில் பாதி ச.வின் சம்பளம். கடன் வாங்கும்போது, ரத்த உறவு இல்லாதவரைக் கூட்டுக் கடனாளியாகச் சேர்க்க முடியாது என்றார் அதிகாரி, மிகவும் மரியாதையாக. எனக்கு ஏதாவது ஆனால் வீடு சட்டப்படி அப்பாவுக்கு, அவர் இல்லையென்றால் அவர் வழியினருக்கு. ச. அடுத்த நாள் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். அண்ணன் துரத்த மாட்டான். மெதுவாக, தம்ளரில் காபியும் கொடுத்து, "எப்போது காலி செய்ய வசதிப்படும்" என்று கேட்பான்.

இரவெல்லாம் இதுவே. தண்ணீர் குடிக்க எழுந்தால் சுவர், மின்விசிறி, அவள் வாங்கிய குளிர்பதனப் பெட்டி, எல்லாவற்றையும் யாருடையது என்று பிரித்துப் பார்க்கிறேன்.

நவம்பர் 19

உயில் எழுதிவிட்டேன். சாட்சி இருவர் வேண்டும், பலன் பெறுபவர் சாட்சியாக இல்லாமல் இருப்பது நல்லது. அப்பாவிடம் நீட்டினேன்.

கண்ணாடி போட்டு இரண்டு முறை வாசித்தார். ச.வின் முழுப் பெயரை விரலால் தொட்டார். தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதைக் காட்டினார். பிறகு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு முன்னால் நீ போவதாக எழுதிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அதுதான் காரணமா என்று கேட்டேன். பதில் இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னதை மட்டும் திரும்பச் சொன்னார்.

நவம்பர் 20

அது மட்டுமே காரணமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

நவம்பர் 23

மறுசீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்கக் கேட்டிருக்கிறார்கள். 28ஆம் தேதி என்று பேச்சு. ச. மறுபடி பட்டியலைத் திறக்க ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 25

திருத்திய பிரதி தயார். கீழ் வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு சாட்சி, எதுவும் கேட்காமல் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் வேண்டும். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.